அலெக்சாண்டரைக் கிரேக்க வரலாற்றாசிரியர்கள் வழியே படிப்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலெக்சாண்டரோடு படையில் போனவர்கள் பலர் அவரைப் பற்றி எழுதினார்கள். அவற்றில் ஒன்றுகூட முழுதாக நம் கைக்கு வந்து சேரவில்லை. அவர் பாபிலோனில் இறந்தது கி.மு. 323 ஜூனில். இன்று படிக்கக் கிடைக்கும் வரலாறுகளில் மிகப் பழையது அதற்குப் பிறகு ஏறக்குறைய 300 ஆண்டு கழித்து எழுதப்பட்டது. எல்லாரும் 'நம்பகமானது' என்று கைகாட்டும் நூலோ 400 ஆண்டுக்கும் மேல் பிந்தியது. பல அறிமுக நூல்கள் இந்தச் செய்தியைக் கடைசிப் பின்னிணைப்பில் ஒதுக்கிவிடுகின்றன. அது தெரியாமல் நாலு நூல்களை வாங்கிப் படித்தால், ஒன்றுக்கொன்று ஒத்துவராத நாலு அலெக்சாண்டர்கள்தான் மிஞ்சுவார்கள்.

ஆகவே எந்தத் தகவலைப் படித்தாலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இதை எழுதியவர் யார்? அவர் யாரைப் பார்த்து எழுதினார்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் வழியை, நான் தட்டுத்தடுமாறிக் கண்டுகொண்ட ஒழுங்கில், கீழே தருகிறேன். அலெக்சாண்டரின் கதையை இங்கே சொல்லப்போவதில்லை. பள்ளிப் பாடத்தில் படித்த அளவு போதும். கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை, ஆங்கிலத்தில் பொறுமையாகப் படிக்க வந்தால் சரி.

1. கையில் இருக்கும் ஐந்து பேர்

முழுதாகவோ பெரும்பகுதியாகவோ தப்பிப் பிழைத்தவை ஐந்து நூல்கள். மூன்று கிரேக்கம், இரண்டு லத்தீன்.

டயோடோரஸ் சிசிலித் தீவுக்காரர், கி.மு. முதல் நூற்றாண்டு. 40 புத்தகங்களாக உலக வரலாறு எழுதினார். அதில் 17ஆம் புத்தகம் அலெக்சாண்டருக்கு. ('புத்தகம்' என்பது இங்கே ஒரு பாப்பிரஸ் சுருளின் அளவு. பெரிய அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இவரிடம் நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது: மத்திய ஆசியப் போர்கள், தளபதி கிளைட்டஸை அலெக்சாண்டரே கொன்றது, வரலாற்றாசிரியர் காலிஸ்தனீஸ் கைதானது எல்லாம் தொலைந்துபோய், பொருளடக்கத்தில் தலைப்புகள் மட்டும் நிற்கின்றன. அவற்றைத் தேடி இவரிடம் போகாதீர்கள்.

புளூட்டார்க் கி.பி. 100ஐ ஒட்டி எழுதியவர். அலெக்சாண்டரை ஜூலியஸ் சீசரோடு ஜோடி சேர்த்தவர். 'நான் எழுதுவது வரலாறு அல்ல, வாழ்க்கை' என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். போர் விவரம் குறைவு, குணச்சித்திரம் அதிகம். ஆனால் ஒரு பெரிய நன்மை: யார் யாரிடமிருந்து எடுத்தேன் என்று அடிக்கடி பெயர் சொல்வார்.

அர்ரியன் நிக்கோமீடியாவைச் சேர்ந்த கிரேக்கர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. எபிக்டெட்டஸிடம் தத்துவம் படித்தவர். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் கப்படோசியாவின் ஆளுநராகப் படை நடத்தியவர். ஏழு புத்தகங்களில் படையெடுப்பு, தனியாக 'இந்திகா' என்று ஒன்று.

கர்டியஸ் ரூஃபஸ் லத்தீனில் பத்துப் புத்தகம் எழுதினார். முதல் இரண்டு இல்லை. ஜஸ்டின், பாம்பேயஸ் டிரோகஸ் என்பவரின் பெரிய வரலாற்றைச் சுருக்கியவர்; 11, 12ஆம் புத்தகங்களைப் பார்த்தால் போதும். என் கருத்தில் அவசரமில்லாத நூல் அது. மற்ற நால்வரையும் முடித்த பிறகு புரட்டலாம்.

2. தொலைந்துபோனவர்களின் பட்டியல்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மேலே சொன்ன ஐவரும் தொகுத்தவர்கள்தாம். சரக்கு வேறு ஆட்களுடையது. ஒரு தாளில் கீழ்க்கண்டவர்களின் பெயரை எழுதி, பக்கத்திலேயே 'இவருக்கு என்ன ஆதாயம்?' என்று ஒரு கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலிஸ்தனீஸ், அரிஸ்டாட்டிலின் உறவினர், படையோடு போன அதிகாரபூர்வ வரலாற்றாசிரியர். இன்றைய துருக்கியின் தென்புறத்துப் பம்பிலியாக் கடற்கரையில் அலைகள் ஒதுங்கி அரசருக்கு வணக்கம் செலுத்தின என்று எழுதியவர். பிற்பாடு அரசர் முன் மண்டியிட மறுத்து, சதியில் சிக்கவைக்கப்பட்டு, கி.மு. 327இல் கைதானார். அவரது நூலும் பாதியில் நின்றது.

தாலமி, படைத்தளபதி, பின்னால் எகிப்தின் அரசர். அலெக்சாண்டரின் உடலையே எகிப்துக்குத் திருப்பிக் கொண்டுபோனவர். இதற்காக அவர்மேல் படையெடுத்து வந்தவன் இன்னொரு தளபதி பெர்டிக்கஸ். இப்போது கிரேக்க நகரமான தீப்ஸை அலெக்சாண்டர் அழித்ததை அர்ரியனில் படியுங்கள்: தாலமியை மேற்கோள் காட்டி, உத்தரவுக்குக் காத்திராமல் பெர்டிக்கஸ்தான் தாக்குதலைத் தொடங்கினான் என்று வருகிறது. டயோடோரஸில் அந்த உத்தரவு அலெக்சாண்டருடையது. ஆதாயக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதற்கு இந்த ஓரிடமே போதும்.

அரிஸ்டோபுலஸ், பசர்கடே என்ற ஊரில் பாரசீகப் பேரரசர் சைரஸின் கல்லறையைச் செப்பனிடும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். 84 வயதில்தான் எழுத உட்கார்ந்தார் என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. அரசர் மேல் தூசி படவிடமாட்டார். அலெக்சாண்டர் நெடுநேரம் மதுவோடு அமர்ந்தது குடிக்காக அல்ல, நண்பர்களுக்காக என்பார். கிளைட்டஸ் கொல்லப்பட்டதற்குக் கிளைட்டஸ்தான் காரணம் என்பார்.

நியார்கஸ் சிந்து முகத்திலிருந்து பாரசீக வளைகுடா வரை கப்பற்படையை நடத்தியவர். அவருடைய பயணக் குறிப்புதான் அர்ரியனின் 'இந்திகா'வில் பிற்பகுதி. அதே படையில் சுக்கான் பிடித்தவர் ஒனெசிக்ரிட்டஸ். தன் நூலில் தன்னையே கடற்படைத் தலைவன் என்று எழுதிக்கொண்டார். அர்ரியன் அதைப் பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். இந்த மனிதர், அமேசான்கள் என்று கதைகளில் வரும் போர்ப்பெண்களின் அரசி அலெக்சாண்டரைப் பார்க்க வந்த கதையை அரசர் லைசிமாக்கஸ் முன் வாசித்தாராம். லைசிமாக்கஸ் அலெக்சாண்டரின் மெய்க்காவலராகக் கூடவே இருந்தவர். மெல்லச் சிரித்து, 'அப்போது நான் எங்கே இருந்தேன்?' என்று கேட்டார் என்கிறார் புளூட்டார்க்.

கடைசியாகக் கிளீட்டார்கஸ். படையோடு போனதற்கு ஆதாரம் இல்லாதவர், ஆனால் மிக அதிகமாகப் படிக்கப்பட்டவர். ரோம நாட்டு அறிஞர் குயின்டிலியன் இவர் திறமையைப் புகழ்ந்து, நம்பகத்தன்மையைக் கைகழுவுகிறார். டயோடோரஸ், கர்டியஸ், ஜஸ்டின் மூவரும் ஒரே குரலில் பேசும் இடங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இவர்தான் இருக்கிறார் என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. எனவே மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் மூன்று சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். அது ஒரே சாட்சி மூன்று தடவை பேசுவதாக இருக்கலாம்.

3. எந்தப் பதிப்பு, என்ன செலவு

செலவே இல்லாமல் தொடங்கலாம். அர்ரியனுக்குச் சின்னாக்கின் 1884ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு புராஜெக்ட் குட்டன்பர்கில் இருக்கிறது. புளூட்டார்க்குக்குப் பெரினின் மொழிபெயர்ப்பு 1919இல் வந்தது, காப்புரிமை முடிந்தது, இணையத்தில் கிடைக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் மூலமும் மொழிபெயர்ப்பும் அத்தியாய எண்ணோடு பார்க்கலாம். பழைய ஆங்கிலம் சற்று முரட்டுத்தனமாக இருக்கும், பழகிவிடும்.

காசு போடுவதென்றால் முதல் காசை அர்ரியனுக்குப் போடுங்கள். பெங்குவின் பேப்பர்பேக் (டி செலின்கோர்ட் மொழிபெயர்ப்பு, 1971இல் ஹாமில்டன் திருத்தியது) பழைய புத்தகக் கடைகளிலும் அகப்படும். வரைபடம் வேண்டுமென்றால் 2010இல் வந்த லேண்ட்மார்க் பதிப்பு. கனமான புத்தகம், விலையும் கனம். ஆனால் ஒவ்வொரு சில பக்கத்துக்கும் ஒரு வரைபடம் உண்டு. ஆறுகளின் பெயரில் திணறுபவர்களுக்கு அது போட்ட பணத்தை மீட்டுத் தந்துவிடும்.

லோப் வரிசை ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்ற அமைப்பு. பச்சை அட்டை கிரேக்கம், சிவப்பு லத்தீன். ஒரு தொகுதி சுமார் 30 டாலர். அர்ரியன் இரண்டு, கர்டியஸ் இரண்டு, டயோடோரஸின் எட்டாம் தொகுதி, புளூட்டார்க் வாழ்க்கைகளின் ஏழாம் தொகுதி என்று ஆறு தொகுதிகள் ஆகும். மொத்தமாக வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. லோப் அர்ரியனில் இரண்டு வேறு மொழிபெயர்ப்புகள் ஒரே பச்சை அட்டையில் உலவுகின்றன: ராப்சனுடையது பழையது, பிரன்ட்டுடையது 1976, 1983 ஆண்டுகளில் வந்தது. உங்களுக்கு வேண்டியது பிரன்ட். அதன் பின்னிணைப்புகள் தனி நூலுக்குச் சமம். பழைய பிரதி வாங்கும்போது அட்டையைப் பார்க்காமல் தலைப்புப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தொலைந்த நூல்களின் துண்டுகளுக்கு மூலத் தொகுப்பு, ஃபீலிக்ஸ் ஜாக்கோபி என்ற ஜெர்மானிய அறிஞருடையது. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு: காலிஸ்தனீஸ் 124, கிளீட்டார்கஸ் 137, தாலமி 138, அரிஸ்டோபுலஸ் 139. ஆய்வுக் கட்டுரைகளில் '139' என்று மொட்டையாக நிற்கும் எண் இதுதான். வாங்கும் விலையில் இல்லை. பல்கலைக்கழக நூலகம் வழியாகத்தான் பார்க்க முடியும். புதியவர்களுக்கு லயனல் பியர்சன் 1960இல் இந்தத் தொலைந்த வரலாறுகளைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் போதும்.

4. எண்களைப் படிக்கப் பழகுங்கள்

'அர்ரியன் 3.18.11' என்றால் மூன்றாம் புத்தகம், பதினெட்டாம் அத்தியாயம், பதினோராம் பிரிவு. எந்த மொழிபெயர்ப்பிலும் இந்த எண் மாறாது. பக்க எண்தான் மாறும். குறிப்பெடுக்கும்போது பக்க எண்ணை எழுதாதீர்கள், இந்த எண்ணையே எழுதுங்கள். எண் இல்லாமல் 'அர்ரியன் கூறுகிறார்' என்று மேற்கோள் காட்டும் கட்டுரையைப் பாதி நம்பிக்கையோடு மட்டும் படியுங்கள்.

5. எந்த வரிசையில், எவ்வளவு காலம்

முதலில் அர்ரியனின் முன்னுரை. இரண்டே பக்கம். தாலமியும் அரிஸ்டோபுலஸும் ஒத்துப்போகும் இடத்தை உண்மை என்று எழுதுகிறேன், வேறுபட்டால் அதிகம் நம்பத்தக்கதைத் தேர்கிறேன் என்கிறார். காரணமும் சொல்கிறார்: இருவரும் படையோடு போனவர்கள், அலெக்சாண்டர் இறந்த பிறகு எழுதியதால் பயமோ பரிசோ இல்லை, அதிலும் தாலமி அரசர் என்பதால் பொய் சொல்வது அவருக்கு மற்றவர்களைவிட அவமானம். அரசர் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை ஓர் ஆளுநருக்கு எளிதில் வந்திருக்கலாம். நமக்கு வர வேண்டியதில்லை.

பிறகு புளூட்டார்க். 77 சிறு அத்தியாயங்கள், ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம். அடுத்து அர்ரியன் முழுவதும், வாரத்துக்கு ஒரு புத்தகம், பக்கத்தில் வரைபடத்தோடு. 'என்று சொல்கிறார்கள்' என்று அவர் எழுதும் இடங்களில் பென்சிலால் கோடிடுங்கள். அவருடைய இரண்டு நம்பிக்கையான ஆட்களுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு அது. டயோடோரஸையும் கர்டியஸையும் முதல் சுற்றில் தொடக்கம் முதல் முடிவு வரை படிக்க வேண்டாம், அடுத்த படியில் சொல்வதுபோல் சம்பவம் சம்பவமாகப் படியுங்கள். மாலை நேரம் மட்டும் ஒதுக்கினாலும் மூன்று மாதத்தில் நல்ல பிடி கிடைத்துவிடும்.

6. ஒரு சம்பவத்தைப் பிரித்துப் பாருங்கள்

முதல் பயிற்சிக்குப் பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் அரண்மனை எரிந்த கி.மு. 330 சம்பவத்தைவிட நல்லது இல்லை. நான்கு இடங்களையும் ஒரே மாலையில், அடுத்தடுத்துப் படியுங்கள்.

டயோடோரஸ் 17.72: விருந்து, மது, ஏதென்ஸ் பக்கத்துப் பெண் தாயிஸ். பாரசீகர்களின் புகழ்பெற்ற சாதனைகளைப் பெண்களின் கைகள் ஒரு நொடியில் அழிக்கட்டும் என்கிறாள். தீப்பந்தங்கள், குழலிசை, ஊர்வலம். முதல் பந்தத்தை அரசர் எறிகிறார், அடுத்தது அவள்.

கர்டியஸ் 5.7: அதே விருந்து, அதே தாயிஸ். அரண்மனையில் தேவதாரு மரம் நிறைய இருந்ததால் தீ சட்டென்று பரவியது. ஊருக்கு வெளியே இருந்த படைவீரர்கள் விபத்து என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடி வருகிறார்கள். வாசலில் அரசரே கையில் பந்தத்தோடு நிற்பதைப் பார்த்ததும் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, காய்ந்த விறகை எடுத்துத் தாங்களும் எறிகிறார்கள்.

புளூட்டார்க் 38: இவரும் தாயிஸ் கதையைச் சொல்கிறார். கூடவே அவள் யாருடைய துணைவி என்பதையும்: பின்னால் அரசரான தாலமியின் துணைவி. முடிவில், திட்டமிட்டே எரித்தார் என்று சொல்பவர்களும் உண்டு, ஆனால் அவர் விரைவிலேயே வருந்தி அணைக்கச் சொன்னார் என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள் என்கிறார்.

அர்ரியன் 3.18.11-12: விருந்து இல்லை, மது இல்லை, பெண்ணும் இல்லை. மூத்த தளபதி பர்மேனியன் வேண்டாம் என்று தடுக்கிறார். ஏதென்ஸ் கோயில்களைப் பாரசீகர் எரித்ததற்குப் பழி என்று அலெக்சாண்டர் எரிக்கிறார். இது அறிவுடைய செயலாக எனக்குத் தோன்றவில்லை என்று அர்ரியன் ஒரு வரி சேர்க்கிறார்.

இப்போது உங்கள் தாளை எடுங்கள். அர்ரியனின் முதன்மை ஆதாரம் தாலமி. தாயிஸ் தாலமிக்கு மூன்று பிள்ளைகள் பெற்றவள். அதனேயஸ் என்ற பிற்கால எழுத்தாளர் அந்தப் பிள்ளைகளின் பெயரைக்கூடத் தருகிறார், நெருப்புக்குக் காரணம் தாயிஸ் என்று சொன்னவர் கிளீட்டார்கஸ் என்றும் குறிக்கிறார். அப்படியானால் தாலமி தன் வீட்டுக்காரியைக் காப்பாற்ற முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாரா? அல்லது தாலமியின் ஆட்சியில் அலெக்சாண்ட்ரியாவில் புழங்கிய கிளீட்டார்கஸ் கதைக்குச் சுவை கூட்ட அவளை உள்ளே இழுத்தாரா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. நான் முதல் பக்கம் சாய்கிறேன், ஆனால் பந்தயம் கட்டமாட்டேன். 1930களின் அகழாய்வு அங்கே தீயின் சாம்பலைக் காட்டியது. யார் பற்றவைத்தார்கள் என்பதைச் சாம்பல் சொல்லாது.

இரண்டாவது பயிற்சிக்குக் காலிஸ்தனீஸ் இறந்தது எப்படி என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: அர்ரியன் 4.14, புளூட்டார்க் 55. சித்திரவதை செய்து தூக்கிலிட்டார்கள் என்கிறார் தாலமி. விலங்கோடு படையுடன் இழுத்துச் செல்லப்பட்டு நோயில் இறந்தார் என்கிறார் அரிஸ்டோபுலஸ். ஏழு மாதம் விலங்கில் கிடந்து, உடல் பருத்து, பேன் பிடித்து இறந்தார் என்கிறார் அரண்மனை அதிகாரி காரெஸ். எல்லாருக்கும் தெரிந்த ஒரு சாவிலேயே கூட இருந்தவர்கள் இப்படி முரண்படுகிறார்களே என்று அர்ரியனே அலுத்துக்கொள்கிறார்.

7. பொறிகள்

படை எண்ணிக்கையை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். காகமேலாப் போரில் பாரசீகப் பேரரசர் டேரியஸின் காலாட்படை அர்ரியனில் 10 லட்சம், டயோடோரஸில் 8 லட்சம், ஜஸ்டினில் 4 லட்சம், கர்டியஸில் 2 லட்சம். சராசரி எடுப்பதில் பயன் இல்லை. 'அர்ரியன் தரும் எண்' என்று பெயரோடு சேர்த்தே எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'சவப்பெட்டிக்கு வெளியே என் வெறுங்கைகள் தொங்கட்டும்' என்ற மூன்று ஆசைக் கதை இந்த ஐவரிடமும் இல்லை. 'வெல்ல இனி உலகம் இல்லையே என்று அழுதார்' என்பதும் தலைகீழாகிப்போன கதை. புளூட்டார்க் தன் கட்டுரை ஒன்றில் சொல்வது, உலகங்கள் எண்ணற்றவை என்று தத்துவஞானி அனக்சார்கஸ் சொல்லக் கேட்டு, 'நாம் ஒன்றையே இன்னும் வெல்லவில்லையே' என்று அழுதார் என்பது.

'காலிஸ்தனீஸ் எழுதியது' என்று சொல்லி, அலெக்சாண்டரைப் பறவைகள் தூக்கிப் பறந்ததையும் அவர் கண்ணாடிக் கூண்டில் கடலுக்குள் இறங்கியதையும் யாராவது காட்டினால், அது பல நூற்றாண்டு பிந்திய கற்பனைக் கதை. பெயர் மட்டும் இரவல்.

தேதிகளுக்குக் கிரேக்கர்களை மட்டும் நம்ப வேண்டாம். இறந்த நாளையே அரிஸ்டோபுலஸ் டேசியஸ் என்ற மாசிடோனிய மாதம் 30 என்கிறார். அரண்மனை நாட்குறிப்பு 28 என்கிறது. பாபிலோனிய வானியல் குறிப்புகள் களிமண் பலகைகளில் அன்றன்றே பதியப்பட்டவை. நமது கணக்கில் அவை காட்டும் நாள் கி.மு. 323 ஜூன் 11. அவற்றின் மொழிபெயர்ப்பு இணையத்திலேயே கிடைக்கிறது.

8. இந்தியப் பகுதி மட்டும் வேண்டுமென்றால்

தமிழில் படிப்பவர்கள் பலர் போரஸுக்காகத்தான் வருகிறார்கள். அவர்களுக்குக் குறுக்குவழி உண்டு. மக்கிரிண்டில் என்பவர் 1893இல் ஐந்து நூல்களிலும் உள்ள இந்தியப் பகுதிகளை ஆங்கிலத்தில் ஒரே தொகுதியாக்கினார். இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம். குறிப்புகள் பழையவை, ஊர்களை அடையாளம் காட்டுவதில் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம், மொழிபெயர்ப்பு பயன்படும்.

அதில் முதலில் அர்ரியன் 5.14ஐப் பாருங்கள். ஜீலம் ஆற்றைக் கடந்ததும் எதிரே வந்த போரஸின் மகனிடம் எத்தனை தேர்? அரிஸ்டோபுலஸ் 60 என்கிறார். தாலமி 120 தேரும் 2,000 குதிரைவீரரும் என்கிறார். அர்ரியன் ஏன் தாலமியை ஏற்கிறேன் என்று வாதாடும் பத்தி அவருடைய வேலைமுறையை நேரில் காட்டுகிறது. பிறகு படை திரும்பிய பியாஸ் கரைக்கு வாருங்கள். கங்கைக்கு அப்பால் காத்திருந்ததாகச் சொல்லப்பட்ட யானைகள் கர்டியஸில் 3,000, டயோடோரஸில் 4,000, புளூட்டார்க்கில் 6,000. அர்ரியன் எண்ணே தருவதில்லை.

அதன்பின் பஞ்சாப் பக்கத்து மல்லியர் என்ற மக்களின் கோட்டை, அர்ரியன் 6.11. அம்பு பட்டு விழுந்த அலெக்சாண்டரைக் காத்தவர்களில் தாலமியும் ஒருவர் என்று சிலர் எழுதிவிட்டார்கள்; ஆனால் தாலமியோ தான் அன்று அங்கே இல்லை, வேறு படையை நடத்திக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறார். கர்டியஸும் 9.5இல் இதையே குறிக்கிறார். ஆதாயக் கட்டத்தில் தாலமிக்கு எதிராக நிறைய எழுதியிருப்பீர்கள். அதே கட்டத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவின் ஆறு, மரம், மக்கள் பற்றிய செய்திகளுக்கு ஸ்ட்ராபோவின் புவியியல் நூலில் 15ஆம் புத்தகம். ஒனெசிக்ரிட்டஸ், நியார்கஸ், அரிஸ்டோபுலஸ் மூவரின் துண்டுகளும் அங்கே நிறைய அகப்படும், திட்டுகளோடு சேர்த்து. அலெக்சாண்டர் இறந்த பிறகு தளபதிகள் அடித்துக்கொண்ட கதை வேண்டுமென்றால் இந்த ஐவரோடு நிற்காமல் டயோடோரஸின் 18ஆம் புத்தகத்துக்குப் போங்கள். அங்கே ஆதாரம் மாறுகிறது. உங்கள் தாளில் கார்டியா ஊர் ஹைரோனிமஸ் என்ற புதுப் பெயரை எழுத வேண்டியிருக்கும்.